மெதுவா இறங்கின விமானத்தோட கால் ஏன் முறியுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததுல முதல் கேள்வி, குரோம்பேட்டையில ஏரோநாட்டிக்கல் மூணாவது வருஷம் படிக்கற தம்பி ஒருத்தர் அனுப்பினது. படிச்சுடறேன். “ஐயா, ரெண்டு சீட் பயிற்சி விமானம் ஒண்ணு மெதுவாத்தான் இறங்குச்சு. ரன்வேயை விட்டுத் திரும்பும்போது இடது சக்கரத்தைத் தாங்கற கால் முறிஞ்சு இறக்கை தரையில உரசிடுச்சு. ஹார்ட் லேண்டிங், அதாவது தரையில பலமா மோதி இறக்கிட்டார்னு பைலட்டைச் சொல்றாங்க. மெதுவா இறங்கினா எப்படி உடையும்? உடைஞ்ச காலை வெல்டு பண்ணி மாட்டலாமா?”

அந்த விமானத்தை நான் பார்க்கல, அதனால அதுக்குத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா திரும்பும்போது முறிஞ்சதுன்னு சொல்றீங்க பாருங்க, அதைக் கேட்டதும் எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது ஃபட்டீக் மேலதான், அதாவது திரும்பத் திரும்ப லோடு வந்து உலோகத்துல மெல்ல விரிசல் வளர்றது. பைலட் மேல இல்ல.

கம்பியை முன்னும் பின்னும் வளைச்சா உடையுதே, அதுதான் ஃபட்டீக்னு கிளாஸ்ல சொல்லியிருப்பாங்க. எனக்கு அந்த உதாரணம் பிடிக்காது. கம்பி கண்ணுக்குத் தெரியவே கோணுது, கொஞ்ச நேரத்துல போயிடுது. விமானத்தோட கால் கோணாது தம்பி. ஒவ்வொரு லேண்டிங்கிலயும் வளைஞ்சு, அப்படியே பழைய நிலைக்கு வந்துடும். அளந்து பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அது ஆபத்து. எங்கயோ ஒரு துருக்குழி, ஒரு கீறல், ஒரு போல்ட் துளையோட ஓரம், அங்க மட்டும் ஸ்ட்ரெஸ், அதாவது உலோகத்துக்குள்ள வர்ற அழுத்தம், ஏறும். அகலமான தகட்டுல வட்டத் துளை இருந்தா அதோட ஓரத்துல மூணு மடங்குன்னு நீங்களே கணக்கு போட்டிருப்பீங்க. அங்கதான் மயிரிழை மாதிரி விரிசல் பிறக்கும்.

பலம் போதலையான்னு கேட்டா, அதுவும் இல்ல. சின்ன விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி, எஃப்.ஏ.ஆர். 23, அதுல வினாடிக்கு 7-லேர்ந்து 10 அடி வேகத்துல கீழ இறங்கினாலும் கால் தாங்கணும்னு டிசைன் பண்ணச் சொல்லிச்சு. சாதாரணமா இறங்கும்போது அதுல பாதிகூட வராது. ஆனா அது ஒரு தடவை தாங்கறதைப் பத்தின கணக்கு. ஆயிரக்கணக்கான தடவை தாங்கறது வேற கணக்கு.

இன்னொண்ணு, கால் மேலயும் கீழயும் மட்டும் ஆடறதா நிறைய பேர் நினைக்கறாங்க. டயர் தரையைத் தொடற நொடியில சக்கரம் சுத்தாம நிக்குது. விமானம் மணிக்கு நூறு கிலோமீட்டர் பக்கத்துல போகுது. சக்கரத்தை அந்த வேகத்துக்குச் சுத்த வைக்கறதுக்குள்ள தரை காலைப் பின்னால இழுக்கும். சுத்த ஆரம்பிச்சதும் இழுப்பு விட்டுடும், கால் ஸ்பிரிங் மாதிரி முன்னால அடிக்கும். அதுக்கப்புறம் பிரேக், திரும்பும்போது பக்கவாட்டுத் தள்ளல். இதெல்லாம் ஆக்ஸில் போல்ட்டுலயும், கால் உடம்போட சேர்ற இடத்துலயும்தான் போய் உட்காரும். லேண்டிங் எவ்வளவு மெதுவா இருந்தாலும் இது நடந்தே தீரும்.

இப்ப கணக்கைப் பாருங்க. பயிற்சி விமானம் சர்க்யூட் அடிக்கும், அதாவது ஏறி ஒரு சுத்து சுத்தி அதே ரன்வேயில திரும்பத் திரும்ப இறங்கும். ஒரு மணி நேரத்துல ஆறு லேண்டிங் சாதாரணம். அதே மாதிரி விமானத்தை ஒருத்தர் ஊருக்கு ஊர் ஓட்டிக்கிட்டிருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நூறு மணி நேரத்துல இன்ஸ்பெக்ஷன். ஒண்ணுக்கு அதுக்குள்ள அறுநூறு லேண்டிங், இன்னொண்ணுக்கு ஐம்பது. லாக்புக்ல ரெண்டும் நூறு மணிதான்! என்னைக் கேட்டா, பயிற்சி விமானத்தோட காலுக்கு மணி நேரத்தை எண்றதே தப்பு, லேண்டிங்கைத்தான் எண்ணணும்.

நம்ம சென்னைக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காத்து. ஸ்டீலுக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்குக் கீழ எத்தனை தடவை லோடு வந்தாலும் உடையாதுன்னு பாடத்துல வரும். அது வழவழன்னு பாலிஷ் பண்ணின, துருப்பிடிக்காத துண்டுக்கு. துருக்குழி விழுந்துட்டா அந்த எல்லையை நம்ப முடியாது. செஸ்னா மாதிரி விமானங்கள்ல ஸ்பிரிங் ஸ்டீல் காலோட கீழ்ப்பக்கம்தான் இழுவிசையில இருக்கும். டயர் தெறிக்கற கல்லும் அங்கதான் அடிக்கும். ஏறி உட்கார கால்ல ஒரு படி வச்சிருப்பாங்க, அதுக்கு அடியில ஈரம் தங்கும், மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும். துணியால துடைச்சுட்டு ‘ஓகே’ன்னு கையெழுத்து போடறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். பெயின்ட்டை எடுத்துட்டு, ஸ்டீலா இருந்தா மேக்னடிக் பார்ட்டிக்கிள் வச்சுப் பாருங்க, காந்தமாக்கி இரும்புத் தூள் போட்டா விரிசல்ல தூள் சேரும். அலுமினியம்னா காந்தம் வேலை செய்யாது, டை பெனிட்ரன்ட், அதாவது விரிசலுக்குள்ள ஊறிக் காட்டிக்குடுக்கற சாயம். பெயின்ட்டுக்கு மேலயே டை அடிச்சா சாயம்தான் வீண்.

சரி, பைலட்டா ஃபட்டீக்கா, எப்படிக் கண்டுபிடிக்கறது? உடைஞ்ச முகம், அதாவது முறிஞ்ச இடத்தோட பரப்பு, சொல்லும். விரிசல் மெதுவா வளர்ந்த பகுதி வழவழன்னு, ஒரு புள்ளியைச் சுத்தி வளைவு வளைவா கோடுகளோட இருக்கும். அந்தப் புள்ளிதான் ஆரம்பம். கடைசியில ஒரே அடியா முறிஞ்ச பகுதி சொரசொரன்னு இருக்கும். வழவழப்பான பகுதி பெருசா, சொரசொரப்பு சின்னதா இருந்தா, கடைசியா வந்த லோடு ரொம்பக் கம்மின்னு அர்த்தம். டாக்ஸியில, அதாவது தரையில ஓட்டிக்கிட்டுப் போகும்போது, திரும்பினாலே போதும், முறிஞ்சிருக்கும். முகம் பூரா சொரசொரன்னு இருந்து, காலும் கோணியிருந்தா, அப்ப பைலட்டை உட்கார வச்சுப் பேசலாம்.

தயவுசெஞ்சு ஒண்ணு பண்ணாதீங்க. பொருந்துதான்னு ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கற ஆசை எல்லாருக்கும் வரும். உரசினா அந்தக் கோடெல்லாம் அழிஞ்சிடும், சாட்சி போச்சு. ஈரம் படாம தனித்தனியா மூடி வச்சு லேபுக்கு அனுப்புங்க.

இது விமானத்துக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. 1842-ல பாரிஸ் பக்கத்துல வெர்சாய் ரயில் விபத்து, இன்ஜினோட அச்சு முறிஞ்சுதான். வோலர்னு ஜெர்மன் இன்ஜினியர் அப்புறம் ரயில் அச்சுகளை வச்சே வருஷக்கணக்கா சோதனை பண்ணினார். எவ்வளவு ஸ்ட்ரெஸ்ல எத்தனை தடவை தாங்கும்னு காட்டற எஸ்-என் வளைவு, நீங்க படிக்கறீங்களே, அதோட வேர் அங்கதான்.

வெல்டு பத்திக் கேட்டீங்க. கூடாது. ஸ்பிரிங் ஸ்டீலுக்கு அந்த பலம் ஹீட் ட்ரீட்மென்ட்டால, அதாவது அளவா சூடாக்கிக் குளிர வச்சதால, வந்தது. வெல்டு சூடு பட்ட இடத்துல அது போயிடும், பக்கத்துலயே புது விரிசலுக்கு இடமும் கிடைச்சுடும். காலை மாத்தணும், அதோட எதிர்ப்பக்கக் காலையும் கழட்டிப் பார்க்கணும். ரெண்டும் ஒரே லேண்டிங்கைத்தான் பார்த்திருக்கு. சரி, அடுத்த கேள்வி, கார்புரேட்டர் ஐசிங்...