காவூவில் வளர்ந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹவாய்த் தீவுகளில் ஆகப் பெரிய தீவின் தென்பகுதியில் காவூ என்றொரு வட்டாரம். எரிமலைக் குழம்பு இறுகிய கரிய நிலம். அந்தக் காலத்தில் கடற்கரைக் குடும்பங்கள் மீன் பிடிக்கும். மேட்டுநிலத்துக் குடும்பங்கள் சேப்பங்கிழங்கு பயிரிடும். மேலேயிருந்து கிழங்கு வரும், கீழேயிருந்து மீன் போகும். உறவுக்குள் யாரும் விலை பேசியதில்லை.

அந்த மண்ணில் 1895-இல் பிறந்தவர் மேரி கவேனா பூக்கூயி. சாமுவேல் எல்பர்ட்டோடு சேர்ந்து 1957-இல் ஹவாய் மொழிக்கு அகராதி தந்தவர். தலைப்பிள்ளை பெண்ணானால் தாய்வழிப் பாட்டிக்கு உரியது என்பது அவர்கள் குடும்ப முறை. அப்படியே கவேனாவையும் பாட்டி கேட்டு வாங்கி வளர்த்தார். ஹவாய் நாட்டு எம்மா அரசியின் அவையில் ஆடியவர் அந்தப் பாட்டி. மூலிகை வைத்தியம் தெரிந்தவர், பிரசவமும் பார்ப்பவர். அவர் இறந்தபோது பேத்திக்கு ஆறு வயதுதான். ஆனாலும் கவேனா பின்னால் செய்த வேலைக்கெல்லாம் வேர் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த வீடுகளில் பாடம் எப்படி நடக்கும்? கண்ணால் பார், காதால் கேள், வாயை மூடு என்கிறது ஹவாய்ப் பழமொழி. துருவித் துருவிக் கேட்கிற பிள்ளையை அங்கே மெச்சமாட்டார்கள். பெரியவர் கை போகிற இடமெல்லாம் பிள்ளையின் கண் போகவேண்டும். சேப்பங்கிழங்குக் கூழ் வைத்த பாத்திரம் திறந்திருக்கும் வரை சச்சரவு கூடாது. அந்தக் கிழங்குச்செடி மனிதனுக்கு முன்பிறந்த அண்ணன் என்பது அவர்கள் சொல்லும் கதை. அண்ணன் முன்னால் சண்டை போடலாமா?

பள்ளியோ வேறு உலகம். 1896-இல் வந்த சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். வெட்கப்படு என்று பள்ளி சொன்னதைத்தான் கவேனா ஆயுள் முழுக்கச் சேர்த்தார். பிஷப் அருங்காட்சியகத்தில் மொழிபெயர்த்தார். முதியவர்களைத் தேடிப் போய் அவர்கள் குரலை ஒலிப்பதிவு செய்தார். அவர் திரட்டிய பழமொழிகளில் 2,942 அச்சேறின. எல்லா அறிவும் ஒரே பள்ளியில் கிடைத்துவிடாது என்பது அவற்றில் ஒன்று.

ஆசிரியர்கள் கேட்கவேண்டிய இன்னொரு செய்தி. 1970-களில் ஹொனலுலுவில் கமேஹமேஹா ஆரம்பக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஹவாய்ப் பிள்ளைகள் வாசிப்பில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் வீடுகளைக் கவனித்தார்கள். அங்கே சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அக்காவும் அண்ணனும். அந்தப் பிள்ளை வகுப்பில் ஒன்று புரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம்தான் திரும்பும். டீச்சர் கண்ணுக்கு அது காப்பியடிப்பது! உதவுகிற குணத்தைக் குற்றமாக எண்ணி எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்போம் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. பாடத்தைக் கதை பேசுவதுபோல மாற்றி, ஒருவர் பேச்சோடு இன்னொருவர் சேர்ந்து பேச விட்டார்கள். பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள்.

1984-இல் கவாய்த் தீவின் கெக்கஹாவில் ஹவாய் மொழியிலேயே நடக்கும் முதல் மழலையர் பள்ளி திறந்தது. அங்கே கட்டணம் மட்டும் போதாது. பெற்றோரும் மொழி வகுப்புக்கு வரவேண்டும், பள்ளி வேலைகளில் கைகொடுக்கவேண்டும். ஹவாய் மொழியை மீட்கும் அந்த இயக்கத்தின் பள்ளிகளில் மழலையாகச் சேர்ந்தவர்களில் சிலர் இன்று அவற்றிலேயே ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.