சென்னை–அந்தமான் கேபிளை வைத்து எரிமலையைக் கண்காணிக்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எரிமலையை ஃபைபர் கேபிள் வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்றீர்கள். அந்தச் சூட்டில் கண்ணாடி இழை உருகிவிடாதா? சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிற கேபிளை வைத்து பாரன் தீவு எரிமலையைப் பார்க்க முடியுமா?" இரண்டாவது கேள்வி அருமை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சூடு ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் கேபிளை யாரும் எரிமலை வாய்க்குள் இறக்குவதில்லை. பூமிக்குள் உருகிய எரிமலைக் குழம்பு பாறையைப் பிளந்துகொண்டு நகரும்போது மேலே கிலோமீட்டர் கணக்கான தூரத்துக்குத் தரை லேசாக இழுபடும், சில இடங்களில் நசுங்கும். தரையில் புதைந்திருக்கும் கேபிளும் கூடவே இழுபடும். பதினொன்றாம் வகுப்பில் 'திரிபு' (நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பது) என்று படித்தோமே, அதைத்தான் அளக்கிறார்கள்.

எப்படி? இழையின் ஒரு முனையில் லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்புகிறார்கள். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடர்த்தியில் நுணுக்கமான ஏற்ற இறக்கம் இருக்கும், அதில் பட்டுக் கொஞ்சூண்டு ஒளி திரும்பி வரும் (ராலே சிதறல், வானம் நீலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்). கிணற்றுக்குள் கத்தினால் வருகிற எதிரொலி மாதிரி. இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதனால் 1 கிலோமீட்டர் தள்ளியிருந்து திரும்பி வர 10 மைக்ரோநொடி. எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்தால் இடம் தெரியும், அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது) மாறியிருந்தால் அந்த இடம் நீண்டதா சுருங்கியதா என்பது தெரியும். தனியாக ஒரு கருவியும் பதிக்காமல் மொத்தக் கேபிளும் கருவியாகிவிடுகிறது, கரண்ட் ஒரு முனையில் மட்டும் இருந்தால் போதும்.

2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊரை எரிமலைக்குப் பயந்து காலி செய்தார்கள் இல்லையா, அதையொட்டி அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு அங்கே ஏற்கெனவே புதைத்திருந்த சுமார் 100 கிலோமீட்டர் தொலைத்தொடர்புக் கேபிளில், லேசரை அனுப்பித் திரும்பி வரும் ஒளியை அளக்கும் ஒரு பெட்டியை மாட்டியது. குழம்பு நகர்வதை நிமிடக் கணக்கில் பார்த்தார்கள். நம் தெருவில் வருடா வருடம் பள்ளம் தோண்டிப் புதைக்கிறார்களே, அதே ஜாதிக் கேபிள்தான்! தொல்லையும் உண்டு: வெயில் ஏறினாலும் இழை நீளும், அதனால் மெதுவாக நடக்கிற தரை வீக்கத்தைப் பிரித்தறிவது சிரமம், லாரி போனாலும் பதிவாகும்.

சரி, அந்தமான். அந்தக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது, மொத்தம் 2,300 கிலோமீட்டர். இந்தப் பெட்டி பார்க்கும் தூரம் பொதுவாக 100 கிலோமீட்டர் சொச்சம்தான், நீண்ட கடல் கேபிள்களில் ஒளியை வலுப்படுத்த நடுநடுவே இருக்கும் பெருக்கிகள் திரும்பி வரும் ஒளியை விடாது. சென்னை முனையில் மாட்டினால் நம் கடற்கரையை ஒட்டிய அலையும் கப்பலும்தான் கேட்கும். அந்தமான் முனையில் மாட்டினால் நிலநடுக்கம் நன்றாகப் பதிவாகும், ஆனால் 1991-ல் விழித்துக்கொண்ட பாரன் தீவுக்கு அந்தக் கேபிள் போகவே இல்லை, தரை இழுபடுவது தூரம் போகப் போகச் சட்டென்று தேய்ந்துவிடும். அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து பாரன் தீவு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பெட்டியின் எல்லையை ஒட்டித்தான். யாராவது ஹேவ்லாக்கிலிருந்து பாரன் தீவுக்குப் புதிதாக ஒரு லைன் இழுத்தால் பெட்டியை ஹேவ்லாக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆளில்லாத அந்தத் தீவில் கரண்டுக்கு அலைய வேண்டாம்.