சத்தம் போடுபவருக்கு ஒரு வேலை கொடுங்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியத் தோட்டத்தில் பிறந்து, அரசாங்க மருத்துவமனையில் மிஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மிஸி, டாக்டர், அட்டெண்டன் எல்லாரும் வேலை நேரத்தில் வாங்கும் வசவையும் அடியையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அடி என்றால் நிஜமான அடி. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் எப்போதாவது உடல் தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசவையும் சேர்த்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

நீங்களும் போயிருப்பீர்கள். ராத்திரி நேரம், அப்பாவுக்கு வயிற்று வலி, நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் வந்தவரை முதலில் கூப்பிடுகிறார்கள். கோபம் வருமா, வராதா? வரும். ஆனால் அவசரப் பிரிவில் வந்த நேரத்தைப் பார்த்து வரிசை போவதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயின் கடுமையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். மாரடைப்பு சிவப்புக்குப் போகும், சாதாரண சளிக்காய்ச்சல் பச்சையில் காத்திருக்கும். இதைச் சுவரில் மலாயில் எழுதி ஒட்டிவிட்டால் போதுமா? நம் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது? ஜனங்கள் காத்திருக்கத் தயார்தான். எதற்காக, இன்னும் எவ்வளவு நேரம் என்று வாய் திறந்து யாராவது சொல்ல வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பாதி அந்த ஒரு வார்த்தை இல்லாமல் வந்தவை.

எங்கள் தோட்டத்து டிரஸரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிரஸர் என்றால் தோட்டத்தில் காயத்துக்குத் தையல் போட்டு மருந்து கொடுப்பவர். அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சம்பள நாள் ராத்திரி சம்சு சாராயம் உள்ளே போனதும் யாருக்காவது மண்டை உடையும். கூடவே லயத்து வீட்டு ஜனமே திரண்டு வரும். டிரஸர் ஒற்றை ஆள். கூட்டத்தில் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறான் என்று பார்ப்பார். "ஏய், நீ யாரு மவன்? இங்க வா. இந்த டார்ச்சப் பிடி. ஆட்டுனே, ஊசி தப்பிடும்." அவ்வளவுதான், கத்தியவன் மூச்சுவிடாமல் நிற்பான்.

ஒரு தடவை, வெட்டியவனே மிச்சத்தை முடிக்கிறேன் என்று பாராங் கத்தியோடு வந்துவிட்டான். டிரஸர் கத்தியை வாங்கி மேசைக்கடியில் போட்டுவிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார். இரண்டு தையல், மூன்று தையல்... நாலாவதில் தொப்பென்று விழுந்தான். தையல் வாங்கிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "ஐயோ, அவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டானாம்!

சரி, அந்தக் காலத்தை ரொம்பவும் புகழ வேண்டாம். டிரஸருக்குப் பின்னால் தோட்ட மேனேஜரான துரை இருந்தார். கை வைத்தால் வேலையும் போகும், வீடும் போகும். இன்று கவுண்டரில் நிற்கும் பிள்ளை கிளந்தான் மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும். யார் யாருடைய மகன் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனாலும் டிரஸர் வித்தை இன்றும் பலிக்கிறது. நானே செய்திருக்கிறேன். "அங்கிள், அம்மா சாப்பிடுற மருந்தையெல்லாம் வீட்டிலேருந்து எடுத்திட்டு வர்றீங்களா?" போய் எடுத்து வருவார். டாக்டருக்கும் அது உண்மையிலேயே தேவை.

இதைத்தான் நேயர்களுக்கும் சொல்கிறேன். ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வருகிறீர்கள். ஒருவர் கத்துகிறார், ஐந்து பேர் வேடிக்கை பார்க்கிறீர்கள், அல்லது கைப்பேசியில் படம் பிடிக்கிறீர்கள். அவரை வெளியே கூட்டிப்போய் ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுக்கக் கூடாதா? செக்யூரிட்டி கார்டு வந்து தடுப்பதைவிட மைத்துனர் தோளில் கை போட்டு அழைத்துப் போவது மேல். ஆமாம், திரும்பவும் சொல்கிறேன், மைத்துனர்தான்.

சட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். சுருக்கமாக: கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுக்கத் தாக்கினால், மலேசியத் தண்டனைச் சட்டம் 353ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடி வாங்கிய பிள்ளைகளே, "நோயாளிதானே, விட்டுடும்மா" என்று மேலே இருப்பவர் சொன்னாலும் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். தனியார் இடங்களில் வேலை செய்பவர்களையும் பாதுகாக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது.

அப்புறம், வீட்டிலும் முதியோர் இல்லங்களிலும் மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். குளிப்பாட்டும்போது அடிக்கிறார்கள், கடிக்கிறார்கள். அது பெரும்பாலும் பயத்தில் வருவது, நோயின் வேலை. மல்லுக்கட்டாமல் குளியலை விட்டுவிட்டு, கொஞ்சம் கழித்து மறுபடி போங்கள். இதற்கே தனியாக அரை மணி நேரம் வேண்டும், நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.