தண்ணீர் குடித்தால் அப்பாவுக்குப் புரையேறுகிறது, என்ன செய்வது?

அடுத்த கேள்வி, பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 3 மாதம் ஆகிறது. உணவு கொடுக்கப் போட்டிருந்த மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். இட்லி இறங்குகிறதாம், தண்ணீர்தான் புரையேறுகிறதாம். பயிற்சி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு, அம்மா. இட்லியை நாக்கு திரட்டிப் பிடித்து, தொண்டை தயாரானதும் தள்ளும். தண்ணீரை அப்படிப் பிடித்துவைக்க முடியாது. மூச்சுக்குழாயின் வாசல் மூடுவதற்குள் ஓடிவிடும்.

அப்பா அண்ணாந்து குடிக்கிறாரா? சொம்பைத் தூக்கிக் குடித்தே பழகியவர்கள் நாம். இனி அவருக்கு அது வேண்டவே வேண்டாம். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய்க்கு வழி திறந்துகொள்ளும். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். ரசம் சாதம் இப்போதைக்கு வேண்டாம்; சோறு வாயில் நிற்கும்போதே ரசம் ஓடிவிடும். குழைய மசித்த தயிர்சாதம் பரவாயில்லை. கஞ்சியைச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எச்சில் கரண்டி பட்ட கஞ்சி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே; நீர்த்தால் அதுவும் தண்ணீர்போல் ஓடிவிடும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போகிறோம். இருமல் நின்றால் குணமாகிவிட்டது என்கிறோம். தொண்டையில் உணர்வு மங்கியவருக்கு நுரையீரலுக்குள் தண்ணீர் போனாலும் இருமல் வராமல் இருக்கலாம். குடித்ததும் குரல் நீர் கோத்ததுபோல் மாறுகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, உடல் இளைக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், நிமோனியாவாக இருக்கலாம்.

படுத்தபடி தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, தாடையைத் தாழ்த்தி விழுங்குவது என்று பயிற்சிகள் பல இருக்கின்றன. எது இவருக்குப் பொருந்தும் என்பது பரிசோதித்தால்தான் தெரியும். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் சொல்லி, அது போகும் வழியை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். பயிற்சி தருபவர் பேச்சுப் பயிற்சி நிபுணர். "அப்பா நன்றாகத்தானே பேசுகிறார்" என்று பலர் தயங்குகிறார்கள். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் நாக்கும் தொண்டையும் பொதுதானே! உங்கள் ஊர் நிமான்ஸ் மருத்துவமனையிலேயே அதற்கான துறை இருக்கிறது.

அதுவரை காலையும் இரவும் அவர் வாயைச் சுத்தமாகத் துலக்கிவிடுங்கள், பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். தப்பித்தவறி உள்ளே போகும் எச்சிலில் கிருமி குறைந்தால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும்.