நிலவறைக்குள் ஒரு மலைப்பாதை

நேயர்களுக்கு வணக்கம். உண்மையான ரயில்களைச் சிறிய அளவில் வடித்து ஓடவிடும் மாதிரி ரயில் கட்டுவோரைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த உலகம் பெரியது. அதில் ஒரு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டிலிருந்து, ஊருக்கு ஊர் மாறி, தேசிய நேரோ கேஜ் மாநாடு என்ற ஒன்று நடைபெற்று வருகிறது. குறுகிய இருப்புப்பாதைகளை மட்டுமே நேசிப்பவர்கள் கூடும் இந்த மாநாட்டில் செய்முறை வகுப்புகள், போட்டிக்கு வைக்கப்பட்ட மாதிரிகள், விற்பனை அரங்குகள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது, அரங்குகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, வீடுகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள் என்பதுதான். மாநாட்டையொட்டி, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு நிலவறையையோ கார் கொட்டகையையோ திறந்து, பல ஆண்டுகளாகத் தாங்கள் கட்டிவரும் ரயில் அமைப்பை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

அரங்கில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இன்ஜின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நின்றுகொண்டிருக்கிறது. வீட்டில்தான் அது ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊருக்குப் போகிறது. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எதை வைப்பது, எதை விட்டுவிடுவது என்று கட்டுபவர் எடுத்த முடிவுகளைப் பார்ப்பதற்காகவே நான் படியிறங்குகிறேன்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். கொலராடோ மாநிலத்தில் டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்குப் போகும் மூன்று அடி அகலப் பாதை 1882இல் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 45 மைல். அதை 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் ஹெச்ஓ அளவில் அப்படியே கட்ட வேண்டுமென்றால் 830 மீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். 48இல் ஒரு பங்கான ஓ அளவில் ஒன்றரைக் கிலோமீட்டர். அதே மாநிலத்தின் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் ஓடிய ரியோ கிராண்டே சதர்ன் பாதைக்கு ஹெச்ஓவிலேயே மூன்று கிலோமீட்டர் ஆகும். இவ்வளவு நீளத்தை எந்த வீட்டு நிலவறை தாங்கும்? ஆகவே ஒவ்வொருவரும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறார்கள். ஒரே பாதையை மாதிரியாகக் கொண்ட இரண்டு வீடுகளை ஒரே நாளில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: ஒருவர் நான்கு நிலையங்களை நெருக்கி அடுக்கியிருப்பார், மற்றவர் ஒரே ஒரு மரப்பாலத்துக்காக ஒரு சுவர் முழுவதையும் கொடுத்திருப்பார். என் விருப்பம் இரண்டாமவர் பக்கம்தான். வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டபின் சிறிது நேரமாவது எங்கும் சேராமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் தூரம் என்ற உணர்வே வருவதில்லை.

குறுகிய பாதை இதற்கு இயல்பாகவே இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் வழக்கமான பாதையில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். மூன்று அடிப் பாதையின் அகலம் 914தான். மலைச்சரிவை வெட்டும் செலவைக் குறைக்கவே அன்று அந்தக் குறைந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் வளைவுகள் கூர்மையாயின, இன்ஜின்கள் சிறுத்தன, வண்டிகளும் குட்டையாயின. அறையின் சுவரோரத்தில் திரும்பியே ஆக வேண்டிய மாதிரி ரயிலுக்கு இவையெல்லாம் வரமாக அமைந்தன. ஏழெட்டுப் பெட்டிகளோடு ஒரு வண்டி வந்தாலும் அது முழு ரயிலாகவே கண்ணுக்குப் படுகிறது. பெரிய பாதையின் சரக்கு ரயிலை அத்தனை பெட்டிகளோடு நிறுத்தினால் வால் அறுந்தது போலிருக்கும்.

அளவுகளின் பெயர்கள் முதன்முறை வருபவரை மிரட்டும். ஹெச்ஓஎன்3 என்றால் ஹெச்ஓ அளவு, நேரோ கேஜ், மூன்று அடி. தண்டவாளங்களுக்கிடையே பத்தரை மில்லிமீட்டர். ஓஎன்30 என்பதில் கடைசி எண் அங்குலத்தைக் குறிக்கிறது. இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: ஹெச்ஓவுக்கென்று எங்கும் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் மீதே ஓ அளவு வண்டிகளை ஓட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மையான பாதையில் 31 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அளவுகோலோடு வந்து அந்த ஓரங்குலத்தை அளப்பவரை எந்த வீட்டிலும் நான் விரும்பமாட்டேன்.

என் மனத்தில் அதிகம் தங்கியவை ஏற்றங்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாமாவிலிருந்து கொலராடோவின் கம்ப்ரஸ் கணவாய்க்கு ஏறும் உண்மையான பாதை நூற்றுக்கு நான்கு என்ற சரிவில் 10,015 அடி உயரத்தை எட்டுகிறது. அங்கே கனத்த சரக்கு வண்டிக்கு ஓர் இன்ஜின் போதாது. ஒரு வீட்டில் அந்தச் சரிவை அப்படியே, மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டராக அமைத்திருந்தார்கள். சிறிய இன்ஜின் பாதி வழியில் நின்று சக்கரங்களைச் சுழற்றியது. வீட்டுக்காரர் சற்றும் சங்கடப்படாமல், பின்னால் இன்னொரு இன்ஜினைக் கோத்து மேலே தள்ளினார். அந்த மலையில் பாதை ஏன் அப்படி இயங்கியது என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

இந்தப் படைப்புகளைக் கழற்றி இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் செல்வது அரிது. கட்டியவர் வீடு மாறினாலோ மறைந்தாலோ பெரும்பாலும் அவை உடைக்கப்படுகின்றன. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் கட்டிய ஹெச்ஓ அளவு ரயில் அமைப்பு, குறுகிய பாதைக் கிளை ஒன்றையும் கொண்டிருந்தது. அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களில் அதன் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அவர் 1973 ஜனவரியில் காலமானார். அடுத்த சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பற்றி, அமைப்பின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தாம். படத்தில் தெரிவது அவர் காட்ட விரும்பிய கோணம். தலையைக் குனிந்து, பாலத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு அந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு மட்டுமே கிட்டியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோள்பையை வெளியிலேயே வைத்துவிடுங்கள். நடைவழி பல வீடுகளில் இருவர் ஒதுங்கிச் செல்லும் அளவுக்கே இருக்கும், முதுகுப்புறம் எந்த மலையை இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கேட்காமல் எதையும் தொடாதீர்கள். வண்டி தடம் புரண்டால் நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது என்று வீட்டுக்காரர் சொல்வார். நம்பிவிடுங்கள், அது பெரும்பாலும் உண்மை. முகப்புப் பலகைக்குக் கீழே குனிந்து மின்கம்பிகளையும் மரச்சட்டங்களையும் பாருங்கள். மேலே இருக்கும் காட்சியைவிட அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவை அதிகம். முடிக்கப்படாத வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். வெற்று ஒட்டுப்பலகையின் மீது, ஆறு வரப்போகும் இடத்தில் ஒரு நீலத்தாளை ஒட்டி வைத்திருப்பவர் தன் எண்ணங்களை உங்கள் முன் திறந்தே வைத்திருக்கிறார்.

கடைசியாக, எந்த வீட்டிலும் எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்காதீர்கள். எல்லோரும் கேட்பது அதுதான். கட்டி முடித்தபின் எந்தப் பகுதியை இடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படிக் கேட்டேன். வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, தானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைய பட்டியலில் எனக்கு இன்னும் மூன்று வீடுகள் மீதி இருந்தன. அவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.