கொப்பியும் தருவும் வெளியும்

சபையோருக்கு வணக்கம். எழுத்தும் பொருளும் சேர்ந்து பேசும் இடங்களைப் பற்றியும், நமது கூத்துக் கொப்பிகளை எப்படிக் காப்பது என்பது பற்றியும் பேச வந்தேன்.

இஸ்தான்புல் நகரில் சுக்குர்சுமா என்ற பகுதியில் ஒரு பழைய வீடு. உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்கச் சிகரெட் அடிக்கட்டைகள், மொத்தம் 4,213. ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி நிறுத்திக் கீழே கையால் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நாவலில் மட்டும் வாழ்ந்த ஒரு பெண் புகைத்தவை என்பது கணக்கு. துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் ‘மியூசியம் ஒவ் இன்னசன்ஸ்’ என்ற தமது நாவலை 2008இல் வெளியிட்டு, அதே பெயரில் இந்த நூதனசாலையை 2012இல் திறந்தார். நாவலில் 83 அத்தியாயம், வீட்டில் 83 பெட்டி. புத்தகத்தில் ஒரு நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுபோனால் அதில் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள். வரியைப் படித்தவனுக்கே பொருள் பேசும் என்பதை அந்த முத்திரை சொல்லிவிடுகிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் காலிக்கு அப்பால் கொக்கலைக்குப் போகலாம். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வான்படைத் தளத்துக்காக ஊர் மக்களையே வெளியேற்றினார்கள், இந்த வீடு தப்பியது. இன்று அதைச் சுற்றி ஏரும் வண்டியும் மீன்பிடி வலையும் வைத்த நாட்டார் நூதனசாலை. எழுதியவரின் மேசையை விட, அவர் எழுதிய வாழ்க்கையின் சாமான்களே அங்கு அதிகம். இடம்பெயர்வு தெரிந்த வன்னி மக்களுக்கு அந்த வளவு உடனே விளங்கும்.

இனி நமது மண். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சேரநாட்டு மலையில் வேங்கை நிழலில் நின்று பதினாலாம் நாள் விண்ணேறுகிறாள். முல்லைத்தீவு நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் கதை அங்கே முடியவில்லை. அவள் கடல் கடந்து வந்து தங்கிய பத்தாவது இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து விளக்கேற்றுகிறார்கள். நூலை வாசித்துவிட்டு அந்த விளக்கின் முன் நிற்கிறவருக்குக் காப்பியம் இரண்டாவது தடவை திறக்கும்.

கற்சிலைமடு என்ற ஊரின் நினைவுக்கல் வேறு வகை. பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டார வன்னியனை 1803 ஒக்ரோபர் 31இல் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்தது. ‘இவ்விடத்துக்கு அருகில்’ என்றுதான் அது தொடங்குகிறது, இதே இடம் என்று சொல்லவில்லை. ‘தோற்கடித்தான்’ என்பதோடு நிறுத்துகிறது, கொன்றான் என்றும் சொல்லவில்லை. போகிறவர்கள் இரண்டையும் தவறாகவே வாசிக்கிறார்கள். வென்றவன் எழுதிய ஒரு வரி அது. தோற்றவனை நாயகனாக்கி நம்மவர் ஆடிய நாடகங்கள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இல்லை என்பது பெரிய குறை.

முல்லைமோடியில், அதாவது முல்லைத்தீவுக் கூத்துப் பாணியில், ஆடும் கோவலன் கூத்தின் கையெழுத்துக் கொப்பிகள் வீடுகளில் பெட்டியடியில் கிடக்கின்றன. அவற்றைக் காட்சிக்கு வைக்கிற வேலையில்தான் பிழை நடக்கிறது. முதற்பிழை லமினேற் பண்ணுவது. சூடும் பசையும் தாளோடு ஒட்டிவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை. ஒட்டுநாடாவும் அப்படியே, சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். துருப்பிடித்த கம்பி முள்ளை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பெட்டியில் படப்பிரதியை வையுங்கள், மூலம் இருட்டில் இருக்கட்டும். இரும்பு அலுமாரியை மாரியில் பூட்டியே வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வெயில் நாளில் கதவைத் திறந்து விடுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சை இலை ஈரத்தைத்தான் கொடுக்கும். பூச்சி அரித்த கொப்பியை பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு கிழமை வையுங்கள். இடையில் மின்சாரம் நின்று உறைவு இளகினால் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கச் சுற்றைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தாலும் கொப்பியில் பாதிதான் இருக்கிறது. ‘தரு’, ‘விருத்தம்’ என்று பாட்டு வகையின் பெயரும் சொற்களும் மட்டும் எழுதியிருக்கும், மெட்டு கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் தொண்டையில். ஆகவே ஒலிப்பதிவே முதல் வேலை. கொப்பி உலர்ந்த பெட்டியில் ஒரு வருடம் காத்திருக்கும், எண்பது வயதுக் குரல் காத்திராது. ஒரு தருவுக்கு ஒரு பதிவு. தொடக்கத்தில் பாத்திரத்தின் பெயர், கொப்பியின் பக்க எண், பாடுபவர் எந்த ஊரில் யாரிடம் பழகினார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். மத்தளம் ஒலிவாங்கியிலிருந்து பத்தடி தள்ளி இருக்கட்டும், கிட்ட இருந்தால் சொல் மூழ்கிப்போகும். முடிந்த அன்றே மூன்று இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றை ஊருக்கு வெளியே கொடுத்து வையுங்கள். பிறகு பெட்டிக்கான சீட்டை எழுதுங்கள்: எந்தத் தரு, எந்தப் பக்கம், எந்தக் கோவில் வெளியில் ஆடியது.