சலூனுக்கு வந்த மருந்தாளுநர்

(திரையில்: சலூன் நாற்காலி. உட்கார்ந்திருப்பவர் கையில் பிரஷர் பட்டை.)

வணக்கம். பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத மனுஷர், முடிவெட்ட மட்டும் தவறாமல் சலூனுக்கு வருகிறார். அப்படியானால் பிரஷரை எங்கே பார்ப்பது? சலூனில்தான்.

அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம், அதனால் வரும் சாவும் அதிகம். ஆனாலும் பலர் டாக்டரிடம் போவதில்லை. காசு, நேரம் எல்லாம் காரணம்தான். அவற்றோடு பழைய காயமும் இருக்கிறது. அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் விட்டு, என்ன ஆகிறது என்று கவனித்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியைச் சந்தேகிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

(திரையில்: டல்லாஸ் நகர வரைபடம்.)

இதய மருத்துவர் ரொனால்ட் விக்டர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் இருந்தபோது டல்லாஸின் 17 சலூன்களில் ஓர் ஆய்வு நடத்தினார். சில கடைகளில் முடிதிருத்துநர்களே பிரஷர் பார்த்து, கூடுதலாக இருந்தால் "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். 2011இல் முடிவு வந்தது. பலன் இருந்தது, ஆனால் சுமார்தான். சொல்லி அனுப்புவதோடு வேலை நின்றுவிட்டதே!

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ். கடைக்குள் நுழையும் மருந்தாளுநர்.)

அடுத்து லாஸ் ஏஞ்சலஸில் விக்டரின் இரண்டாவது ஆய்வு. சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையம், 52 சலூன்கள், 319 வாடிக்கையாளர்கள். இந்த முறை பயிற்சி பெற்ற மருந்தாளுநர் நேராகக் கடைக்கே வந்தார். வாடிக்கையாளரின் டாக்டரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கேயே மருந்து எழுதினார், அளவைக் கூட்டினார், ரத்தப் பரிசோதனையும் செய்தார். வருஷக்கணக்காகத் தன் தலையில் கத்தரி வைக்கும் ஆள் "இவர் நம்ம ஆள்தான், பேசிப் பாருங்க" என்று சொன்னால், யார் மறுப்பார்?

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கடைகளில் மருந்தாளுநர் இல்லை. முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் சொன்னார்.

(திரையில்: இரண்டு அம்புகள், இரண்டும் கீழ்நோக்கி.)

2018இல் வெளியான முடிவு இது. ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மற்ற கடைகளில் 9. 130/80க்குக் கீழே வந்தவர்கள் இங்கே சுமார் 64 சதவீதம், அங்கே சுமார் 12.

அந்த 9ஐயும் தள்ளிவிடாதீர்கள், அறிவுரைக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் பெரிய இறக்கம் வந்தது, சிகிச்சையே கடைக்கு வந்தபோதுதான். பல பல்கலைக்கழகத் திட்டங்களில் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் வேலை ஆள் சேர்ப்பதும், படிவத்தில் கையெழுத்து வாங்குவதும்தான். இங்கே முடிதிருத்துநர் இல்லையென்றால் மருந்தாளுநரை யாரும் கிட்டவே சேர்த்திருக்க மாட்டார்கள்.

சரி, அப்புறம் ஏன் எல்லா ஊரிலும் இது இல்லை? மருந்தாளுநர் கடை கடையாகக் கார் ஓட்டிப் போக வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஆய்வு நடந்தவரை மானியம் பார்த்துக்கொண்டது. மானியம் முடிந்த மறுமாதம் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதைத் திட்டம் போடும் அன்றே பேசி முடிக்க வேண்டும்.